ஆறு வருடமாகப் பூக்காத மனோரஞ்சிதம்: பிடுங்கிவிடலாமா, இன்னும் பொறுக்கலாமா?

தோட்டத்துச்சிட்டு (கும்பகோணம்), 9 ஜூன் 2024

வணக்கம். எங்கள் வீட்டுக்கு வடக்கே, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. பக்கத்து வீட்டு வேம்பு அதில் முக்கால்வாசியை மூடியிருக்கிறது. வெயில் கேட்கும் செடி எதுவும் அங்கே தேறாது என்று நிழல் தாங்கும் செடிகளாகப் பார்த்து வைத்தேன். தரையில் ஒரு மனோரஞ்சிதம், தொட்டியில் நிஷாகந்தி, இரண்டு பீஸ் லில்லி, பெரிய டிரம்மில் ஒரு செண்பகம். எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. பூதான் இல்லை.

மனோரஞ்சிதம் 2018இல் வைத்தது. ஆறு வருடத்தில் ஒரு மொட்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. "மலட்டுச் செடி, பிடுங்கிப் போடு" என்கிறார் மாமியார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செடியின் கட்சியில் சேர்ந்துவிடத் தோன்றுகிறது. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றுகிறேன். இன்னும் எத்தனை வருடம்?

புளியோதரை (மதுரை), 9 ஜூன்

புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளியுங்கள் அக்கா. எங்கள் வீட்டு மல்லிகை பத்தே நாளில் மொட்டு விட்டது.

மாடிவீட்டுக்கீரை (சென்னை), 9 ஜூன்

எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில். மாதம் இரண்டு முறை.

உரக்குழி (தஞ்சாவூர்), 10 ஜூன்

கேள்வி கேட்டு ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் மோர், பெருங்காயம், எப்சம் உப்பு எல்லாம் வந்துவிட்டன. முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும்தான் பாக்கி. எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். இலை நரம்புகளுக்கு நடுவே வெளுத்துப்போனால் அதைக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. "பச்சைப் பசேல்" என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். பிறகு எதற்கு?

அம்மா, மருந்தைப் பிறகு பார்ப்போம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அது விதைக் கன்றா, தாய்ச்செடியின் கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த பதியனா? வருடத்தில் எப்போது வெட்டுகிறீர்கள், யார் வெட்டுகிறார்கள்? எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது? கொடியில் கொக்கி இருக்கிறதா?

தோட்டத்துச்சிட்டு, 10 ஜூன்

கொக்கியா? அப்படி எதையும் பார்த்ததில்லை ஐயா. பதியன் என்று சொல்லித்தான் விற்றார்கள், அதற்கு மேல் தெரியாது. நான் வெட்டுவதே இல்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வருகிறவர்தான் ஏணி வைக்க இடம் வேண்டும் என்று மதில் உயரத்துக்கு மேல் இருப்பதை எல்லாம் கழித்துவிடுவார். அடுத்த இரண்டு மாதத்தில் மறுபடி அதே உயரம் வந்துவிடும். நல்ல வளர்ச்சி!

உரக்குழி, 10 ஜூன்

அந்த "நல்ல வளர்ச்சி"தான் உங்கள் நோய்.

மனோரஞ்சிதம் சீத்தாப்பழக் குடும்பம். புதராகத் தொடங்கும், ஆனால் பிறவியில் அது ஏறுகொடி. மல்லிகைபோல் சுற்றிக்கொண்டு ஏறாது. இலைக்கு எதிர்ப்பக்கத்தில் கட்டைபோல் தடித்து, பட்டையாகி, உள்ளே வளைந்த ஒரு கொக்கி வரும். அதைப் பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொண்டுதான் ஏறும். அந்தக் கொக்கி வேறொன்றும் இல்லை, பூக்காம்பேதான். பூ உட்காரும் இடமும் அதுதான், ஏறுவதற்குக் கையும் அதுதான். முற்றிய கொடியில்தான் கொக்கி வரும். உங்கள் ஆள் வருடா வருடம் முற்றிய பாகத்தைக் கழித்துவிடுகிறார். அடியிலிருந்து கிளம்பும் கொழுகொழு போத்துகளுக்கு நீங்கள் வாராவாரம் புண்ணாக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். புண்ணாக்கில் மிகுதியாக இருப்பது தழைச்சத்து. தழையைக் கேட்டீர்கள், தழையைக் கொடுத்தது. அந்தக் கொடிக்கு ஆறு வயது என்கிறீர்கள். என் கணக்கில் ஐந்து மாதம். போன பொங்கலிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: புண்ணாக்கை நிறுத்துங்கள். மதிலின் மேல் இரண்டு இரும்புக் குழாயும் ஒரு கம்பியும் கட்டி, கொடியை அதில் ஏற்றுங்கள். வருடத்துக்கு ஒரு முறை தூரைச் சுற்றி மக்கிய சாணம் ஒரு கூடை போதும். வெள்ளையடிப்பவர் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

புளியோதரை, 10 ஜூன்

மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்பார்களே, அதை யாரும் பேசவில்லையே?

உரக்குழி, 10 ஜூன்

பாம்பு எலிக்கு வரும், தவளைக்கு வரும். பூவை முகர்ந்து பார்க்க வருவதில்லை. அடர்ந்த புதர் எதுவாக இருந்தாலும் தரையிலிருந்து இரண்டடிக்கு அடிக்கிளையைக் கழித்து, சருகைக் கூட்டி வைத்தால் போதும்.

நண்பகல்நிழல் (திருச்சி), 11 ஜூன்

உரக்குழி ஐயா கேட்ட வெயில் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் புவியியல் வாத்தியார், இதில் எனக்குக் கொஞ்சம் பித்து உண்டு.

நிழல் தோட்டம் பற்றி வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே வடக்குச் சுவர் என்றால் வருடத்தில் பெரும்பகுதி நிழல். சூரியன் எப்போதும் உச்சிக்குத் தெற்கேதான் போகும். நாம் கடக ரேகைக்கும் நிலநடுக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறோம். கும்பகோணம் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் உங்கள் நேர் உச்சிக்கு வரும். அதன்பிறகு ஆகஸ்ட் 23 வரைக்கும் நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஜூனில் உதிப்பதும் மறைவதும் வடக்கே சாய்ந்துதான். ஆக, உங்கள் "நிழல் சந்து" நான்கு மாதம் வெயில் சந்து. கார்த்திகை, மார்கழியில் நிஜ நிழல்.

வேம்பு அந்த வெயிலை வடிகட்டுகிறது, அது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் மரம் மறைக்காத கால்வாசி இடத்தில் எந்தச் செடி இருக்கிறது? மே மாதத்தில் அதன் இலை எப்படி இருந்தது?

தோட்டத்துச்சிட்டு, 11 ஜூன்

பீஸ் லில்லி! மே மாதம் முழுக்க இலை நுனியெல்லாம் பழுப்பாகக் காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வேளை ஊற்றினேன். நேற்று ஒரு தாளில் மணிக்கு மணி நிழல் விழும் இடத்தைக் கோடு போட்டுப் பார்த்தேன். காலை எட்டரை வரை நேர் வெயில், நடுப்பகலில் மறுபடி ஒரு மணி நேரம். ஆறு வருடமாக அந்தச் சந்தில் துணி காயப்போட இடமில்லை என்று மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஓசூர்ப்பசுமைக்குடில், 12 ஜூன்

பீஸ் லில்லி பற்றித் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்து வருடம் குடிலில் வேலை பார்த்தவன். கடையில் வாங்கும்போது பூவோடு இருந்தது, வீட்டுக்கு வந்து ஒரு முறை வாடிய பிறகு வரவே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் இதன் மேல் ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பது வழக்கம். அது செடிக்குள்ளேயே இருக்கும் ஒரு வளர்ச்சி ஊக்கி. தெளித்துச் சுமார் பத்து வாரத்தில், பூக்கும் வயது வராத செடியும் பூத்துவிடும். கடையில் பார்த்த பூ அந்தத் தெளிப்பில் வந்தது. வீட்டில் அது முதலில் வளர்ந்து முடிக்க வேண்டும். கண் கூசாத நல்ல வெளிச்சம் கொடுங்கள், தொட்டியைச் சட்டென்று பெரிதாக்காதீர்கள். வரும். கடையில் பார்த்த அளவுக்கு வராது.

மாடிவீட்டுக்கீரை, 12 ஜூன்

எப்சம் உப்புக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன், பரவாயில்லை. நிஷாகந்திக்காவது என்னை நம்புங்கள். அதில் எனக்கு ஒன்பது வருட அனுபவம், அதில் நான்கு வருடம் வெறும் காத்திருப்பு.

இது கள்ளிச் செடி. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களில் தொற்றி வளர்வது. நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் பல்பல்லாக வெட்டுகள் இருக்கும், அந்தக் குழியிலிருந்துதான் மொட்டு வரும். இளம் தண்டில் வராது. முதல் நான்கு வருடம் அதை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்திருந்தேன், நிழல் செடி என்று யாரோ சொன்னதால். மெலிந்து நீண்ட குச்சிகளாக விட்டுக்கொண்டே போனது. நான் "வளர்கிறது" என்று மகிழ்ந்தேன். வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கிறது, பாவம். கிழக்குச் சன்னலின் சன்ஷேடுக்குக் கீழே மாற்றினேன். காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு வெளிச்சம் மட்டும். அடுத்த வருடம் ஜூலையில் இரண்டு மொட்டு. சிறிய தொட்டியிலேயே வேர் நெருக்கியடித்து இருக்கட்டும், மண்ணில் தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்து தண்ணீர் நிற்காமல் பாருங்கள். குளிர் மாதங்களில் தண்ணீரைக் குறையுங்கள்.

பூத்த ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவே மொட்டைமாடியில் நின்றது. ஒரு மாமி கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். பிரம்மகமலம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உண்மையான பிரம்மகமலம் இமயமலையில் பூக்கும் வேறு செடி, சூரியகாந்திக் குடும்பம், உத்தரகண்ட் மாநிலத்தின் மலர். அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடிவதற்குள் பூ தொங்கிவிட்டது.

நீலமலைக்காரன் (கோத்தகிரி), 14 ஜூன்

சமவெளிக்காரர்களே, பொறுமையைப் பற்றி எங்களிடம் கேளுங்கள். இங்கே குறிஞ்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்து விதை விட்டதும் செடி செத்துப்போகும். அது வெயில் காயும் புல்வெளிச் செடி, உங்கள் சந்துக்கு ஆகாது. யாரும் கேட்டு வர வேண்டாம், தோண்டவும் வேண்டாம்.

நிழலில் நான் வளர்ப்பது கிளைவியா. தென்னாப்பிரிக்கக் கிழங்கு வகை, ஆரஞ்சுக் கொத்து. விதையிலிருந்து வளர்த்தேன். ஐந்தாவது வருடம் பூத்தது, அதுவும் எப்படி? பூ இலைகளுக்கு நடுவே தொண்டையில் சிக்கியதுபோல் மாட்டிக்கொண்டது, காம்பு நீளவே இல்லை. அதற்குக் குளிர் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சில வாரம் பத்து டிகிரிக்குக் கீழே, தண்ணீரும் இல்லாமல் கிடக்க வேண்டும். நான் பாசத்தில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வருடம் வெளித்திண்ணையிலேயே விட்டேன், பனி மட்டும் நேராகப் படாமல். காம்பு முழங்கை நீளம். சென்னையிலிருந்து ஒருவர் என்னிடம் கன்று வாங்கிப் போய் வருடா வருடம் திட்டுகிறார். இலை அழகாகத்தான் இருக்கிறதாம்.

ஸ்கார்பரோசாந்தி (கனடா), 15 ஜூன்

நண்பகல்நிழல் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு பெரிய மனோரஞ்சிதம் நின்றது. அதை யாரும் வெட்டிப் பார்த்த நினைவு இல்லை. கிணற்றடிக்கு மேலே பந்தல்போல் கிடந்தது. பழுத்து மஞ்சளாகும் வரை பூ எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இலையின் நிறம்தான் அதற்கும்.

இங்கே என் பின்வளவில் மேப்பிள் மரத்தடியில் டிரில்லியம் வைத்திருக்கிறேன். ஒன்ராறியோவின் மாகாண மலர், 1937இலிருந்து. மூன்று இலை, மூன்று இதழ், அவ்வளவுதான் செடி. விதை போட்டால் முதல் வசந்தத்தில் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். இரண்டாம் வசந்தத்தில்தான் வித்திலை வெளியே வரும். பிறகு ஒற்றை இலையாகச் சில வருடம், மூன்று இலையாகச் சில வருடம். பூக்க ஏழு வருடம், சில நேரம் பத்து. நான் விதை போட்டபோது என் மகள் நாலாம் வகுப்பு. முதல் பூ வந்தபோது அவள் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

இதை நிழல் செடி என்றுதான் விற்பார்கள். உண்மையில் அது ஏப்ரல் கடைசியிலும் மேயிலும், மேப்பிள் இலை முழுதாக விரிவதற்கு முன் வரும் வெயிலைக் குடித்துத்தான் பூக்கிறது. மரம் தழைத்து மூடும்போது அதன் வருடத்து வேலை பாதி முடிந்திருக்கும். அந்த மூன்று இலைதான் கிழங்குக்குச் சோறு. பூவை இலையோடு பறித்தால் கிழங்கு இளைத்துவிடும், பல வருடம் பின்னுக்குப் போகும், சில நேரம் செத்தும் போகும். உரக்குழி ஐயா சொன்ன பொங்கல் வெட்டு எனக்கு அதனால்தான் உறைத்தது.

உரக்குழி, 15 ஜூன்

நன்றி அம்மா. கிணற்றடி என்றீர்களே, அதையும் கவனிக்க வேண்டும். நிழல் மட்டும் இல்லை, ஈரமும் இருந்திருக்கிறது. வேம்படி நிழல் வேறு ரகம். வேம்பின் வேர் சந்துக்குள்ளும் வந்திருக்கும், நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பாதி அதற்கு. இலைச்சருகை அள்ளிக் கொட்டாமல் தூரைச் சுற்றி மூன்று விரற்கடை மூடாக்காகப் போட்டு வையுங்கள்.

செண்பகத்தை யாரும் தொடவில்லை. ஒட்டா, விதைக் கன்றா?

தோட்டத்துச்சிட்டு, 16 ஜூன்

ஒட்டு என்று சொல்லி முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்கள்.

உரக்குழி, 16 ஜூன்

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு கணு, தடிப்பு, சாய்வான தழும்பு ஏதாவது தெரிகிறதா? ஒட்டு என்றால் தெரிந்தே ஆக வேண்டும். வழவழவென்று நேராகப் போனால் விதைக் கன்று.

விதையிலிருந்து வரும் மரத்துக்கு இளமைப் பருவம் என்று ஒன்று உண்டு. அது கழியும் வரை என்ன உரம் போட்டாலும் பூக்காது. செண்பகத்துக்கு எட்டு, பத்து வருடம் சாதாரணம். பூத்துக்கொண்டிருக்கும் மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டினால் அந்தக் குச்சி தன் வயதை மறப்பதில்லை. கன்று சிறிதாக இருந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். பதியனுக்கும் இதே கணக்கு. அதனால்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

தோட்டத்துச்சிட்டு, 16 ஜூன்

வழவழவென்றுதான் இருக்கிறது.

உரக்குழி, 16 ஜூன்

அப்படியானால் டிரம்மிலிருந்து எடுத்து வெயிலில், தரையில் வையுங்கள். அது காட்டு மரம். கன்றாக இருக்கும்போது நிழல் தாங்கும், பூப்பதற்கு வானம் வேண்டும். முந்நூற்றைம்பது ரூபாயை மறந்துவிடுங்கள்.

புளியோதரை, 16 ஜூன்

இதெல்லாம் பூக்கும் வரை சந்து வெறும் பச்சையாகவே இருக்க வேண்டுமா? கனகாம்பரம் வையுங்கள் அக்கா. சல்லடை நிழலில் நன்றாக வரும், வைத்த சில மாதத்தில் தலைக்குப் பூ. என் பாட்டி வீட்டில் தென்னந்தோப்புக்குள்தான் போட்டிருந்தார்.

உரக்குழி, 16 ஜூன்

இந்த இழையில் மோர் இல்லாமல் நீங்கள் எழுதிய முதல் பதில், தம்பி. சரியான யோசனை.

தோட்டத்துச்சிட்டு, 19 ஜனவரி 2025

இடைக்காலச் செய்தி. கம்பி கட்டியாயிற்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் மனோரஞ்சிதத்தைத் தொடக்கூடாது என்று சொன்னேன், தலையை ஆட்டினார். நான் காபி போட உள்ளே போய் வந்த நேரத்தில் ஒரு பக்கத்தைக் கழித்திருந்தார். பாதி தப்பியது. செண்பகம் வாசலுக்கு இடம் மாறிவிட்டது, பத்து இலையை உதிர்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறது. கனகாம்பரம் நவம்பரிலிருந்து பறிக்கிறோம்.

மாடிவீட்டுக்கீரை, 19 ஜனவரி

காபியை அவருக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

தோட்டத்துச்சிட்டு, 4 மே 2025

ஐயா, கொக்கி! தப்பிய பாதியில், கம்பிக்கு மேலே, ஏழு எண்ணினேன். பச்சையாக, பட்டையாக, ஒன்று கம்பியையே பிடித்திருக்கிறது.

உரக்குழி, 4 மே 2025

படத்தைப் பார்த்தேன். கொக்கியின் வெளிவளைவில் மிளகு அளவில் ஏதாவது புடைத்தால் சொல்லுங்கள். கை வைத்துப் பார்க்காதீர்கள்.

தோட்டத்துச்சிட்டு, 22 ஆகஸ்ட் 2025

மூன்று பூ. ஜூலை கடைசியிலேயே வந்திருக்கிறது, நான்தான் இலை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். சாந்தி அக்கா சொன்னதுபோல் மஞ்சளான பிறகு வாசனைதான் காட்டிக்கொடுத்தது. மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த மணம் வரும் என்பார்களே, அதை இங்கே சோதித்தோம். மகனுக்குப் பலாப்பழம், எனக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழம். மாமியார் எதையும் நினைக்கவில்லையாம், சும்மா முகர்ந்தாராம். ஒரு பூவைப் புடவைப் பீரோவுக்குள் வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன்.

நிஷாகந்தி இன்னும் இல்லை. பீஸ் லில்லி ஒரே ஒரு பூ, அதுவும் பச்சையாக.

ஸ்கார்பரோசாந்தி, 22 ஆகஸ்ட் 2025

பலாப்பழம் என்று சொன்ன பிள்ளைக்கு என் சார்பில் ஒரு முத்தம். எங்கள் கிணற்றடியிலும் அதே மணம்தான்.

நண்பகல்நிழல், 23 ஆகஸ்ட் 2025

இன்று உங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சி. நண்பகலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் கிட்டத்தட்ட இருக்காது. நாளையிலிருந்து சந்து மெல்ல மெல்ல நிழலுக்குத் திரும்பும். பீஸ் லில்லியை இனிமேல் வெளிச்சப் பக்கம் நகர்த்தலாம்.

தோட்டத்துச்சிட்டு, 11 ஜனவரி 2026

இன்று காலை வெள்ளையடிப்பவர் வந்தார். மாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தின் வாயிலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏணியை வாசல் பக்கமாகச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வடக்கு மதில் இந்த வருடம் வெள்ளையில்லாமல் நிற்கிறது.

புளியோதரை, 11 ஜனவரி 2026

அக்கா, ஒரு பதியன் போட்டுக் கொடுப்பீர்களா?

தோட்டத்துச்சிட்டு, 11 ஜனவரி 2026

வரிசையில் நீங்கள் நான்காவது. அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.